சிறைச்சாலையும் நம் சமூகத்தாரும்

(விளாங்குடியில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



சமூகச் சங்கமொன்றில் சிறைச்சாலையைப் பற்றிப் பேச எழுவது மங்கலமான காரியமாகச் சிலர்க்குத் தோன்றாதிருக்கலாம். கல்யாண மண்டபம் கட்டுதல், மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் வழங்குதல், குலதெய்வத்தின் கோயிலைப் புதுப்பித்தல் ஆகிய இவைகளே நாம் வழக்கமாய்ப் பேசிவரும் பொருள்கள். ஆயினும் சென்ற கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொணரப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம் பிள்ளைகள் இருவர் ஓர் அடிதடி வழக்கில் அகப்பட்டு விசாரணைக் கைதிகளாய் மதுரை மத்திய சிறையில் இருக்கின்றனர். அவர்களை "நம்மவர் இருக்கும் பிளாக்கிலேயே" வைக்கவேண்டுமென்று சங்கத்தின் பெயரால் சிறைக் கண்காணிப்பாளருக்கு விண்ணப்பம் செய்வதென்பதே அத்தீர்மானம். வாக்கெடுப்பதற்கு முன்னர், சிறைத்துறையின் அலுவல் இன்னது, அதற்குரிய சட்டம் இன்னது என்பதைச் சபையார் அறிந்துகொள்ளல் நலமென்று தலைவரவர்கள் அதனை ஒத்திவைத்து, எடுத்துரைக்கும் பணியை என்பால் ஒப்புவித்தார்கள். யான் அத்தீர்மானத்திற்கு மாறான கருத்துடையேன் என்பதை முதற்கண் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றேன். எதிரி இன்னானென்று தெரிந்தபின் வாதத்தைக் கேட்பது உங்களுக்கும் சௌகரியமாயிருக்கும்.

நம் விளாங்குடியிலிருந்து வைகையைக் கடந்து ஆரப்பாளையத்துப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த நெடுஞ்சுவர் புதிதன்று. 1865-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிறை அது. அக்காலத்தில் ஊருக்குப் புறத்தே நின்றது. இன்று ஊர் வளர்ந்து அதனைச் சூழ்ந்துகொண்டது. சுவருக்கு இப்புறம் பஸ் நிலையம், காய்கறிக் கடை, பள்ளிக்கூடம். அப்புறம் என்ன நடக்கின்றதென்பதை நூற்றுக்கு ஒருவர்கூட அறியோம். அறியாமையை மறைக்க நமக்கு ஏளனச் சொற்கள் ஏராளம் உண்டு. "மாமியார் வீடு" என்கிறோம். "களி தின்னப் போனான்" என்கிறோம். "கம்பி எண்ணுகிறான்" என்கிறோம். தன் வீட்டுப் பிள்ளை போகும் வரையில்தான் இச்சொற்கள் நாவில் இனிக்கும். (நம் ஊர்ப் பெயரிலுள்ள விளாவுக்கும் கைவிலங்குக்கும் எழுத்தளவிலும் உறவில்லையென்பதைப் பரிகாசப் பிரியர்களான சில நண்பர்களுக்காக இங்கே குறித்துவைக்கிறேன்.)

முதலாவதாக நம்மவர் பலரிடம் உள்ள ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். போலீசும் சிறையும் ஒன்றென்று எண்ணுகிறோம். அஃது அங்ஙனமன்று. பிடிப்பது போலீஸ், காவலில் வைக்க உத்தரவிடுவது மாஜிஸ்டிரேட்டு, அவ்வுத்தரவில் கண்டபடி ஆளைப் பெற்று, உயிரோடும் உடல்நலத்தோடும் வைத்திருந்து, மீண்டும் நீதிமன்றத்தில் ஒப்படைப்பது சிறைத்துறை. வழக்கில் குற்றம் உண்டா இல்லையா என்பதில் அதற்கு எவ்வித வேலையும் இல்லை. நம் அரசியற் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிற் சிறை என்பது மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே தமிழ்நாட்டுச் சிறைகளுக்குப் பொறுப்பாளி தமிழ்நாட்டு அரசே. புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என ஒன்பது மத்திய சிறைகள். பெண்டிர்க்கென மதுரை உள்ளிட்ட ஐந்து இடங்களில் தனிச் சிறைகள். தாலூகாக்களிலுள்ள கிளைச் சிறைகள். புதுக்கோட்டையிலே இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளி. இவையெல்லாம் ஒரே துறையின் கீழுள்ளவை. முன்பு சிறைத்துறை என்று மாத்திரம் வழங்கிய அதனை இப்பொழுது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்கிறார்கள். பெயரில் ஏறிய சீர்திருத்தம் எவ்வளவு தூரம் காரியத்தில் இறங்கியுள்ளது என்பதைக் கேட்கும் உரிமை வரி கொடுக்கும் நமக்கு உண்டு.

ஒருவனைச் சிறைவாயிலிற் சேர்க்கும்பொழுது மருத்துவர் அவனைப் பார்த்து உடம்பிலுள்ள காயங்களைக் குறித்துக்கொள்ளவேண்டுமென்பது சட்டம். இது வெறும் சடங்கென்று எண்ணாதீர்கள். 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் போலீஸ் நிலையத்தில் அடிபட்டபின் கோவிற்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, மூன்று நாளைக்குள் ஒருவர்பின் ஒருவராய் மாண்ட செய்தி உலகமறிந்தது. போலீசார் கையிலிருந்து சிறையார் கைக்கு ஆள் மாறும் அந்தச் சில நிமிஷ நேரத்தில், பார்க்கவேண்டியதைப் பார்த்து, எழுதவேண்டியதை எழுதி, "இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் உயிர் தப்பும். அங்ஙனம் சொல்லாவிடில் சிறையும் அப்பாவத்திற் பங்காளியாகும். ஆதலின் உங்கள் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பினார்களென்று கேட்டவுடன், எந்த பிளாக்கு என்று விசாரிப்பதற்கு முன்னே, சேர்க்கையின்போது டாக்டர் பார்த்தாரா, காயம் இருந்தால் எழுதினாரா என்று விசாரியுங்கள். சென்ற கூட்டத்தில் அரைமணி நேரம் பேசிய ஒருவரேனும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இனித் தீர்மானத்தின் சாரத்திற்கு வருவோம். கைதிகளை எந்த முறையிற் பிரித்துவைக்கலாம்? 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதற்கு விடை சொல்லுகிறது. ஆடவரும் பெண்டிரும் வேறு. இளையோர் வேறு, முதியோர் வேறு. தண்டனை பெற்றோர் வேறு, விசாரணையில் உள்ளோர் வேறு. கடன் முதலிய உரிமையியல் வழக்குகளில் வந்தோர் வேறு. வெள்ளையன் இயற்றிய சட்டந்தான். ஆயினும் அதன் பிரிவினைக் கணக்கிற் சாதி என்னும் தலைப்பு இல்லை. சாதி நுழைந்த வழி வேறு. சட்டத்தின்கீழ் மாகாணங்கள்தோறும் எழுதிய சிறைக் கையேடுகளிலே, இன்ன சாதியான் சமைப்பான், இன்ன சாதியான் கூட்டுவான், மலம் அள்ளுவதற்கு இன்னார் என்று எழுதிவைத்தார்கள். கும்பினியார் காலத்தில் 1855-ஆம் ஆண்டிற் பீகாரிலே, கைதிகளிடமிருந்த பித்தளைச் செம்புகளைப் பிடுங்கிக்கொண்டு மண்பாத்திரம் கொடுத்தபோது, தங்கள் ஆசாரம் கெட்டதென்று பெருங்கலகம் உண்டாயிற்று. வெள்ளையதிகாரிகள் அதனாற் கற்ற பாடம் யாதெனில், சாதியைத் தொடாதே, அதனைக் காவலாளியாகவே பயன்படுத்திக்கொள் என்பதாம். அப்பாடம் அவர்கள் போனபின்னும் நெடுங்காலம் நம் கையேடுகளில் அழியாதிருந்தது.

2024 அக்டோபர் 3-ஆம் தேதி நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டார் அதனை அழித்தனர். சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் அவர்கள் உள்ளிட்ட மூவர் அமர்ந்து தீர்ப்பளித்தார்கள். சாதியை வைத்துச் சிறையில் வேலை கொடுப்பதும், சாதியை வைத்து அறை பிரிப்பதும் அரசியற் சட்டத்திற்கு விரோதம். கைதிகளின் பதிவேட்டிலுள்ள சாதிக் கலத்தையே நீக்கவேண்டும். கையேடுகளை மூன்று மாதத்திற்குள் திருத்தவேண்டும் என்பன அத்தீர்ப்பின் சில பகுதிகள். அதிலே நம் தென்னாட்டுக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு பகுதியும் உண்டு. பாளையங்கோட்டைச் சிறையில் வெவ்வேறு சாதியாரை வெவ்வேறு தொகுதிகளில் வைத்திருந்தது குறித்து முன்னரே ஒருவர் சென்னை ஹைகோர்ட்டுக்குச் சென்றிருந்தார். கலகம் நேராதிருக்கவே அங்ஙனம் செய்கிறோமென்று அரசு சொன்ன சமாதானம் அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டார் அதனை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறையதிகாரிகளின் கடமை. அதற்குச் சாதியைச் சுவராக எழுப்புவது வழியன்று என்றனர். அமெரிக்க தேசத்தில் வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியே வைக்க ஒருகாலத்திற் சொல்லப்பட்ட நியாயத்தோடு இதனை ஒப்பிட்டும் பேசினர்.

ஆகவே நாம் அனுப்ப எண்ணிய விண்ணப்பம், கண்காணிப்பாளரைச் சட்டவிரோதமான ஒன்றைச் செய்யும்படி எழுத்து மூலமாய்க் கேட்பதாகும். "நம்மவர் பிளாக்கு" என்று ஒன்று அங்கே உண்டென்று சொன்னவர் யாரிடம் கேட்டறிந்தாரோ யான் அறியேன். இல்லையாயின் விண்ணப்பம் வீண். உண்டாயின் அதனை நீக்கும்படியன்றோ கேட்கவேண்டும்?

நிற்க. எதிர்வாதத்தை யான் இலேசாக எண்ணவில்லை. 2021 ஏப்ரல் மாதத்தில் பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு விசாரணைக் கைதி, உள்ளே வந்த அன்றே பிற கைதிகளால் தாக்கப்பட்டு மாண்டான். சாதிப் பகையே காரணமென்று அவன் ஊரார் பல நாள் வீதியில் நின்றார்கள். அச்செய்தியைப் படித்த ஒரு தாய், "என் பிள்ளையை நம் ஆட்களோடு வையுங்கள்" என்று அழுதால், சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பை எடுத்துக் காட்டி அவள் வாயை மூடிவிட இயலுமா? இயலாது. அவள் அச்சம் நியாயமானது. ஆனால் அவள் கேட்கும் மருந்து அந்நோய்க்கு உரியதன்று. சற்றே யோசித்துப் பாருங்கள். அவன் மாண்ட சிறை எது? சாதிவாரியாகத் தொகுதி பிரிக்கும் வழக்கம் உண்டென்று நீதிமன்றம் வரை பேசப்பட்ட அதே சிறை. பிரித்து வைத்தமை அவ்வுயிரைக் காக்கவில்லையே! பிரிவினை என்ன செய்கிறது? வெளியே தெருவில் இருந்த பகையை உள்ளே கொண்டுபோய், அதற்கு அறையும் திண்ணையும் கொடுத்து, தலைவனும் தொண்டரும் ஏற்படுத்தி வைக்கின்றது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் முதல் முறையாக உள்ளே போகிறான். "நம்மவர்" என்று அவனை வரவேற்பவர் யார்? நம் வாத்தியாரா, நம் கோயிற் பூசாரியா? நம் சாதிப் பெயரைச் சொல்லிப் பத்து வழக்கு வாங்கியவன் எவனோ, அவனே வரவேற்பான். பீடியும் சோப்பும் கொடுப்பான். வக்கீலும் ஏற்பாடு செய்வான். வெளியே வந்தபின் அக்கடனை அடைக்கும்படி கேட்பான். அக்கடன் பணத்தால் அடைவதன்று.

பகையுள்ளவர்களை ஒரே அறையில் அடைக்கும்படி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இன்ன வழக்கில் எதிர்க்கட்சியார் இன்னார் உள்ளே இருக்கின்றனர், அவர்களால் என் மகனுக்கு ஆபத்து உண்டு என்று பெயர் குறித்து நீதிமன்றத்திலும் சிறைக் கண்காணிப்பாளரிடமும் தாயார் மனுக் கொடுக்கலாம். அது ஆளைப் பற்றிய அச்சம். சாதியைப் பற்றிய கோரிக்கையன்று. அத்தகைய மனுவைப் பெற்றுக்கொண்டும் காவல் செய்யத் தவறினால் அதிகாரி பதில் சொல்லியாகவேண்டும். "நம்மவரோடு வையுங்கள்" என்னும் விண்ணப்பமோ அவரை அப்பொறுப்பினின்றும் விடுவித்துவிடும். உங்கள் ஆட்களிடமே கொடுத்தோமே என்று சொல்லிவிடுவார்.

மதுரைச் சீமையார் சாதியையும் குற்றத்தையும் ஒன்றாகக் கட்டியதன் பலனைப் பிறரைக் காட்டிலும் நன்கறிவர். குற்றப் பரம்பரைச் சட்டம், ஜனங்கள் வாயிற் கைரேகைச் சட்டம், இந்தச் சீமையில் ஒரு சமூகத்தார் முழுவதையும் பிறப்பினாலேயே கள்வரென எழுதிற்று. இராத்திரி வேளையிற் போலீஸ் நிலையத்தில் வந்து படுக்கவேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்ற ஜனங்களைப் போலீசார் சுட்டனர், பலர் மாண்டனர், மாண்டவருள் தண்ணீர் கொடுக்கப் போன ஒரு பெண்மணியும் உண்டு. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-லும், நாடு முழுவதிலும் 1952-லும் ஒழிந்தது. அதன் நிழல் ஒழிய இன்னும் எத்தனை தலைமுறை ஆகுமோ! 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இப்பழைய சட்டத்தை எடுத்துப் பேசி, பழைய பட்டியலிலிருந்த மக்களைப் பிறவிக் குற்றவாளிகளென்று நடத்தும் விதிகளைக் கண்டித்திருக்கின்றது. பிறர் நம் சாதியின் பெயரைக் குற்றப் பதிவேட்டில் எழுதினால் கொதித்தெழும் நாம், நம் கையாலேயே "எங்கள் சாதிக்கு ஒரு பிளாக்கு" என்று எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

சிறையென்பது கயவர் மாத்திரம் போகுமிடமென்று நினைப்பதும் தகாது. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1908 முதல் 1912 வரை சிறையிலிருந்தார்கள். கோயம்புத்தூர்ச் சிறையில் அவர்களைச் செக்கிழுக்க வைத்தார்கள். சுப்பிரமணிய சிவா அவர்கள் சிறையிலிருந்து குஷ்டரோகத்தோடு வெளியே வந்தார்கள். சுதந்திரத்தின் பின்னும் சிறையிற் கொடுமை அற்றுப்போகவில்லை. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையிற் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் மதுரையிலே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோழர் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்துகொண்டே மதுரை வடக்குத் தொகுதியில் நின்று வென்றார். சிறையிலுள்ளவன் தேர்தலில் நிற்கலாம். ஆனால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தடுப்புக் காவலில் உள்ளவனைத் தவிர வேறு எவனும் சிறையிலிருந்து ஓட்டுப் போட இயலாது. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இதே கதி என்பதை எண்ணுகையில் எனக்கு வியப்பே உண்டாகின்றது.

அவ்விசாரணைக் கைதிகள் எத்தனை பேர்? மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர்; அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் விசாரணைக் கைதிகள். நான்கிலே மூன்று பங்கினர் இன்னும் குற்றவாளிகளென்று தீர்ப்பாகாதவர்கள்! சீர்திருத்தத் துறையென்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே இருப்பவரிற் பெரும்பாலோர் சீர்திருத்தப்படவேண்டியவரா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. அவர்கள் ஏன் உள்ளே இருக்கின்றார்கள்? பெருங்குற்றம் சாட்டப்பட்டோர் சிலர். மற்றுப் பலர் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தார் கிடையாமல் இருப்பவர்கள். இருவர் சொத்துக் காட்டிக் கையெழுத்திட்டால் அடுத்த நாள் வெளியே வருவார்கள். அந்த இருவர் கிடைப்பதில்லை. குலப்பெருமை பேசுங்கால் ஆயிரவராய்க் கூடும் நாம், கையெழுத்தென்றதும் பின்வாசல் வழியாய் நழுவிவிடுகிறோம்.

சிலப்பதிகாரத்திலே கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கிளைக்கதை ஒன்று உண்டு. திருத்தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்பான் ஒருவன் இருந்தான். அவன் மகனிடம் ஒருவர் அன்பினால் அளித்த அணிகலன் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இஃது எங்ஙனம் வந்தது, புதையலெடுத்து மறைத்திருப்பானென்று அரசன் சேவகர் தந்தையைப் பிடித்துச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை தரையிற் புரண்டு அழுதாள். மதுரையிலே கொற்றவை கோயிற் கதவு திறவாதாயிற்று. பாண்டியன் திடுக்கிட்டு விசாரித்து, உண்மையறிந்து, வார்த்திகனிடம் பொறுத்தருளும்படி வேண்டி, ஊரும் வயலும் அளித்தான், சிறைக்கோட்டங்களும் திறக்கப்பட்டன. கதவடைத்தது தெய்வமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் அழுதவள் ஒரு பெண். அரசனைத் தட்டியெழுப்பியது அவ்வழுகையே. இன்று கோயிற் கதவு தானே அடைத்துக்கொள்ளும் காலமன்று. ஆதலால் சட்டத்தின் கதவை நாமே தட்டவேண்டியிருக்கிறது.

எங்ஙனம் தட்டுவது? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவன் எவனாயினும், அவன் வருமானம் எவ்வளவாயினும், அரசுச் செலவில் வக்கீல் பெற உரியவன். மதுரை மாவட்டத்திற்கும் அத்தகைய ஆணைக்குழு ஒன்று உண்டு. சிறைக்குள்ளேயே அதன் உதவியைக் கேட்கலாம். 2023 ஜனவரி 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் இட்ட உத்தரவின்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே வராதவன் எவனும் இருந்தால், சிறைக் கண்காணிப்பாளர் அதனை அவ்வாணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தார் கிடையாதபோது நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் ஆலோசிக்கலாம். ஜாமீன் தொகையோ அபராதமோ கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்கென மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டமும் வகுத்தது. அது வகுக்கப்பட்டபோது ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும் அபராதத்திற்கு 25,000 ரூபாய் வரையிலும் அதிலிருந்து உதவி பெறலாமென்று விதித்தார்கள். 2024 ஜூலை முதல் தேதியில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்லுகின்றது. மரணமோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமல்லாத வழக்கில், உச்ச தண்டனையிற் பாதிக் காலம் விசாரணையிலேயே கழித்தவனை ஜாமீனில் விடவேண்டும். முன் தண்டனை இல்லாத புதியவனாயின் மூன்றிலொரு பங்கு கழிந்தாற் போதும். அங்ஙனம் காலம் முடிந்தவுடன் நீதிமன்றத்துக்கு எழுதும் பொறுப்பு கண்காணிப்பாளருடையது. ஒருவன்மேற் பல வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை கிடையாது. "இன்னும் ஒரு வழக்குத்தானே" என்று மார்தட்டும் நம் இளைஞர் இவ்விடத்தைக் கவனிப்பார்களாக.

மேலும், குண்டர் சட்டமென்று ஜனங்கள் சொல்லும் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவற் சட்டத்தின்கீழ் ஓராண்டு வரை ஒருவனை உள்ளே வைக்கலாம். அதற்குச் சாதாரண ஜாமீன் இல்லை. ஆலோசனைக் குழுவையோ, ஆட்கொணர்வு மனுவோடு ஹைகோர்ட்டு மதுரைக் கிளையையோ நாடவேண்டும்.

தண்டனை பெற்றோர்க்கு நடைபெறும் பணிகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். நெசவு, தையல், காகித உறை தயாரித்தல், ஆஸ்பத்திரிக்குரிய கட்டுத்துணி ஆகிய தொழில்கள் சிறைகளில் நடக்கின்றன. கைதிகள் நடத்தும் பெட்ரோல் நிலையங்கள் சில ஊர்களில் உண்டு. புழலிலே 2023-இற் பெண் கைதிகளே நடத்தும் ஒன்று திறக்கப்பட்டது. உழைப்புக்குத் தகுந்த கூலி கொடுக்கவேண்டும், அதில் ஒரு பகுதி குற்றத்தாற் பாதிக்கப்பட்டோர்க்குப் போகவேண்டுமென்று 1998-இல் சுப்ரீம் கோர்ட்டார் சொன்னார்கள். இஃது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அடித்தவன் உழைப்பில் அடிபட்டவனுக்கு ஒரு பங்கு. ஆனால் தொழிற்கூடமென்றால் கணக்கும் உண்டு. கணக்கென்றால் கள்ளமும் வரக்கூடும். மதுரைச் சிறைத் தொழிற்கூடக் கணக்குகளில் முறைகேடு நடந்ததாக 2024-ஆம் ஆண்டில் லஞ்ச ஒழிப்புத் துறையார் அதிகாரிகள்மேல் வழக்குப் பதிந்தார்கள். அதன் உண்மை பொய்யை நீதிமன்றமே சொல்லவேண்டும். ஆயினும் சுவருக்குள் நடப்பதை வெளியார் கவனிக்கவேண்டிய அவசியத்திற்கு இது சான்றாகும்.

சிவகங்கைச் சீமையிற் காளையார்கோவிலுக்கு அருகே புரசடை உடைப்பு என்னுமிடத்தில் திறந்தவெளிச் சிறை ஒன்று இருக்கின்றது. நன்னடத்தையுள்ள கைதிகள் அங்கே பயிர் செய்கிறார்கள். மகன் கல்யாணம், தாய் தந்தையர் மரணம் முதலியவற்றிற்கு 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி விடுப்பு உண்டு. அதைத்தான் பரோல் என்கிறோம். புத்தகங்களும் போகின்றன. 2023-ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையார் "கூண்டுக்குள் வானம்" என்று ஒரு கடை வைத்துச் சிறை நூலகங்களுக்காக ஜனங்களிடம் புத்தகம் யாசித்தார்கள். அதிகாரிகள் கையேந்தி நிற்பதை யான் கேள்விப்பட்ட நல்ல செய்திகளுள் ஒன்றாக வைத்திருக்கிறேன். தாயோடு சிறைசெல்லும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி 2006-இற் சுப்ரீம் கோர்ட்டார் விதித்த முறைகளும் உள. பெண்கள் பகுதியிலிருந்து நம் மாதர் சங்கத்தார் அதனைத் தனியே எடுத்துப் பேசுதல் தகும். மணிமேகலை சோழ மன்னனிடம் வரம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாளென்று சாத்தனார் பாடியது ஒரு பெண்ணின் செயலையேயன்றோ?

விடுதலையடைந்து வருவோரைப் பற்றியும் ஒரு சொல். உள்ளே தையல் கற்றுக்கொண்டு வருகிறான். ஊரில் எவனும் துணி கொடுப்பதில்லை. பெண் கொடுப்பதில்லை, வாடகைக்கு வீடு கொடுப்பதில்லை. நம் சமூகத்தார் நடத்தும் பட்டறைகளும் லாரி ஆபீஸ்களும் ஹோட்டல்களும் இந்நகரில் எத்தனை என்பதை நம் சங்கத்து நாட்குறிப்பின் விளம்பரப் பக்கங்களே சொல்லும். அவற்றுள் ஆண்டுக்கு ஒருவனையேனும் வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வருவோர் யார் யார் என்று காரியதரிசி ஒரு பட்டியல் எழுதட்டும். நன்னடத்தை அலுவலர்கள் என்போர் அரசில் இருக்கின்றார்கள். அவர்களிடம் அப்பட்டியலைக் கொடுக்கலாம். சாதி பார்த்து எடுக்கவேண்டாம் என்பதை மாத்திரம் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆகவே சென்ற மாதத்துத் தீர்மானத்தைக் கொணர்ந்த அன்பரவர்கள் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு ஈடாக மூன்று காரியங்களைச் சபையின் முன் வைக்கிறேன். சங்கத்து நிதியில் ஒரு பகுதியை ஜாமீன் செலவுக்கென ஒதுக்குதல் ஒன்று. மனுப் போடும் நாட்களில் சிறைவாயிலில் வெயிலில் காத்து நிற்கும் தாய்மார்க்குத் துணையாய், எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை முறைவைத்து அனுப்புதல் மற்றொன்று. அவர்கள் நம்மவர்க்கு மாத்திரமன்றி, வரிசையில் நிற்கும் எவர்க்கும் படிவம் எழுதிக் கொடுக்கவேண்டும். மூன்றாவது, அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருக்கும் எதிர்வீட்டுப் பையனை நம் பெரியோர் நால்வர் சென்று பார்த்துவருதல். அவன் நம்மவன் அல்லன் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே போகவேண்டுமென்கிறேன்.

நம் பிள்ளைகள் இருவரின் ஜாமீன் மனு வருகிற வாரம் விசாரணைக்கு வருகின்றது. உத்தரவு கிடைத்தால் ஒவ்வொருவனுக்கும் சொத்துள்ள ஜாமீன்தார் இருவர் வீதம் நால்வர் தேவை. வீட்டு வரி ரசீதும் ஆதார் அட்டையும் கொண்டுவரவேண்டும். யான் ஒருவன் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் மூவர் வேண்டும். காரியதரிசி அவர்கள் மேஜையருகே காகிதத்தோடு அமர்ந்திருக்கிறார்கள்.